படம் துள்ளியது, குற்றம் கேபிளில்: பழைய பென்டியம் 4-இல் வீடியோ கேசட் பதிவு

வீடியோ கேசட்டைக் கணினிக்கு மாற்ற மலிவான யுஎஸ்பி கருவிகள் நிறையக் கிடைக்கின்றன. ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். இருட்டான இடமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தது. அது தரும் கோப்பு வரும்போதே ஏகத்துக்குச் சுருங்கி வருவதால், பிறகு நிறம் திருத்தவும் வழியில்லை. என் கையில் இருப்பதோ சித்தப்பாவின் கல்யாண கேசட், 1993-இல் எடுத்தது, வேறு பிரதி கிடையாது. அதனால் பரணில் கிடந்த பென்டியம் 4 மெஷினை இறக்கினேன். அதில் பிடி878 சிப் வைத்த டிவி டியூனர் கார்டு ஒன்று பிசிஐ ஸ்லாட்டில் இருக்கிறது. மஞ்சள் ஆர்சிஏ துளை வழியாக வரும் படத்தை அது சுருக்காமல் அப்படியே கொடுத்துவிடும். எப்படிச் சேமிப்பது என்பது நம் கையில்.

மெஷின் 2.8 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4, இன்டெல் 865ஜி சிப்செட் போர்டு, 1 ஜிபி ராம், 80 ஜிபி ஐடிஇ ஹார்டு டிஸ்க், ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5200 ஏஜிபி கார்டு, போர்டிலேயே உள்ள ஏசி97 சவுண்டு. 865ஜி வந்தது 2003-இல். டிஸ்க்கை இணைக்கும் பழைய பட்டையான ஐடிஇ கேபிளும், அதற்குப் பின் வந்த மெல்லிய சாட்டா கேபிளும் ஒரே போர்டில் சேர்ந்து இருந்த காலம் அது. இந்த வேலைக்கு அது நல்ல வசதி. இயங்குதளம் விண்டோஸ் எக்ஸ்பி, சர்வீஸ் பேக் 3. டியூனர் கார்டின் டிரைவர் அதில்தான் ஒழுங்காக நிற்கிறது. இணையத்தில் இந்த மெஷினைச் சேர்ப்பதே இல்லை.

முதலில் போர்டு. பரணில் இருந்து வந்த எந்த மெஷினையும் நேராக பிளக்கில் செருகக் கூடாது. கேபினெட்டைத் திறந்து தூசி ஊதி, பிராசசர் பக்கத்தில் உள்ள கெப்பாசிட்டர்களின் தலையை விரலால் தடவிப் பார்த்தேன். மூன்று உப்பியிருந்தன, ஒன்றின் மேல் பழுப்பு நிறக் கசிவு. அந்தக் காலத்துப் போர்டுகளில் இது சகஜம். 6.3 வோல்ட், 105 டிகிரி, லோ-ஈஎஸ்ஆர் (உள்மின்தடை குறைந்த) வகையாகப் பார்த்து வாங்கிப் போட வேண்டும். சாதாரண கெப்பாசிட்டர் அங்கே சூட்டிலேயே செத்துவிடும். மதர்போர்டு பல அடுக்குத் தகடு என்பதால் ரேடியோ வேலைக்கு வைத்திருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் ஈயத்தை உருக்காது. 60 வாட் அயர்னும் பொறுமையும் வேண்டும். எடுப்பதற்கு முன் மைனஸ் பக்கம் எது என்று போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. போர்டில் அச்சிட்ட அடையாளம் எல்லாப் போர்டிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிஆர்2032 பேட்டரியையும் அப்போதே மாற்றினேன். அது தீர்ந்த மெஷின், மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் பயாஸ் (மெஷின் கிளம்பும்போது முதலில் ஓடும் நிரல்) அமைப்புகளை மறந்துவிடும். அது எப்படி டிஸ்க் கோளாறாக வேஷம் போடும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ராமை ரப்பரால் தேய்த்துப் போட்டதும் மெஷின் கிளம்பியது. இனி கேசட்.

விஎச்எஸ் கேசட் படம் இங்கே பால் (PAL) என்ற டிவி முறை. கார்டிலிருந்து 720-க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 சட்டகம், ஒரு புள்ளிக்கு 2 பைட். பெருக்கினால் நொடிக்கு 20.7 எம்பி, மணிக்கு ஏறத்தாழ 75 ஜிபி. அவ்வளவையும் சுருக்காமல் வைக்க இடம் ஏது? ஹஃப்ஒய்யுவி என்ற கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கும் மென்பொருள், படத்தில் ஒரு புள்ளியைக்கூட இழக்காமல் பாதிக்கும் கீழே சுருக்கிவிடும். விஎச்எஸ் படத்துக்கு மணிக்கு 30 முதல் 35 ஜிபி, அதாவது நொடிக்கு சுமார் 9 எம்பி ஆனது. பென்டியம் 4 அதைத் தாங்கும். பதிவுக்கு விர்ச்சுவல்டப் என்ற மென்பொருள். இரண்டுமே இலவசம். இரண்டுமே அந்தக் காலத்து மெஷின்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இன்றும் இந்த வேலைக்கு அவற்றை விட்டு வேறு எதையும் நான் தேட மாட்டேன்.

முதல் சோதனையிலேயே படம் துள்ளியது. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் கார் நகர்கிறது, சட்டென்று ஒரு முழம் முன்னால் போய் நிற்கிறது, மறுபடி நகர்கிறது. விர்ச்சுவல்டப் ஓரத்தில் தவறிய சட்டகங்களின் எண்ணிக்கை கிடுகிடுவென ஏறியது. பார்ப்பவர் யாரும் முதலில் டியூனர் கார்டையோ, கேசட் ஓட்டும் விசிஆரின் ஹெட்டையோதான் சந்தேகிப்பார். ஹெட்டைச் சுத்தம் செய்தேன், கார்டை வேறு பிசிஐ ஸ்லாட்டுக்கு மாற்றினேன். எந்த மாற்றமும் இல்லை. ஆனால் டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 100 சதவீதத்தில் நின்றது. கோடெக் அவ்வளவு தின்னாது. பதிவே செய்யாமல் ஒரு பெரிய கோப்பை இன்னொரு ஃபோல்டருக்குக் காப்பி செய்தேன். அப்போதும் 100 சதவீதம்.

அங்கேதான் விஷயம் பிடிபட்டது. டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனலைத் திறந்து அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பக்கத்தைப் பார்த்தால், அல்ட்ரா டிஎம்ஏ என்று இருக்க வேண்டிய இடத்தில் பிஐஓ மோடு என்று இருக்கிறது. டிஎம்ஏ முறையில் டிஸ்க் தானாகவே தரவை நினைவகத்தோடு பரிமாறிக்கொள்ளும், பிராசசர் தன் வேலையைப் பார்க்கலாம். பிஐஓ முறையில் ஒவ்வொரு துண்டையும் பிராசசரே தூக்கிப் போட வேண்டும். ஏட்டளவில் அதன் உச்சமே நொடிக்கு 16.6 எம்பி, நடப்பில் அதில் பாதிகூடத் தேறாது. 9 எம்பி வீடியோ எப்படி நுழையும்? நுழையாத சட்டகம் கீழே விழுகிறது, கார் துள்ளுகிறது.

எக்ஸ்பி இதைத் தானாகச் செய்கிறது. டிஸ்க்கோடு பேசும்போது பிழைகள் சேர்ந்து சேர்ந்து ஆறு ஆனால், அந்தச் சேனலின் வேகத்தை ஒரு படி இறக்கும். பிழை தொடர்ந்தால் இன்னும் இறக்கி, கடைசியில் பிஐஓவில் கொண்டுவந்து விட்டுவிடும். திரும்பத் தானாக ஏற்றாது. பிரைமரி சேனலை டிவைஸ் மேனேஜரில் அன்இன்ஸ்டால் செய்து மெஷினை மறுபடி கிளப்பினால், புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏவுக்கு வரும். இதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் அதிகம். நிறுத்தினால் சில வாரத்தில் மறுபடி பிஐஓதான், பிழை எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லையே.

அதைச் சொல்லும் சாட்சி டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிறது. டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையில் மூன்று வரி பார்த்தால் போதும். 5-ஆம் எண் கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்கள், 197 சந்தேகத்தில் நிற்கும் செக்டர்கள், 199 கேபிளில் வரும் வழியில் சிதைந்த தரவு. என் டிஸ்க்கில் 5-உம் 197-உம் பூஜ்யம். 199 மட்டும் நூற்றுக்கணக்கில். அதாவது தட்டு நன்றாக இருக்கிறது. தட்டுக்கும் போர்டுக்கும் நடுவில் ஏதோ சரியில்லை.

கேபிளைக் கழற்றி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். டிஸ்க் உட்காரும் கூண்டின் தகர விளிம்பு பட்டையை அழுத்திய இடத்தில், நகத்தால் கீறியது போல ஒரு கோடு. அதை லேசாக வளைத்ததும் நான்கைந்து இழைகளின் உறை பிளந்து செம்பு மின்னியது. சாம்பல் நிறப் பட்டையில் சாதாரணமாகப் பார்த்தால் தெரியவே தெரியாது.

சென்னை ரிச்சி தெருவில் இன்னும் இந்தக் கேபிள் கிடைக்கிறது. கேட்டதும் கடைக்காரர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான்: "நாப்பதா, எண்பதா சார்?" அது சரியான கேள்வி. இரண்டுக்கும் முனையில் 40 துளைதான். ஆனால் 80 இழைக் கேபிளில் ஒவ்வொரு சிக்னல் இழைக்கும் பக்கத்தில் ஒரு எர்த் இழை ஓடும். அது இல்லாமல் ஐடிஇ நொடிக்கு 33 எம்பிக்கு மேல் போகாது, இருந்தால் 66, 100 வரை போகும். இழைகள் மெல்லியதாக, நெருக்கமாக இருந்தால் அது 80. மாட்டும்போது நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு (முதல் சாதனம்), நடுவில் உள்ள சாம்பல் முனை ஸ்லேவுக்கு (இரண்டாவது).

புதுக் கேபிள் போட்டு, சேனலை அன்இன்ஸ்டால் செய்து கிளப்பியதும் அல்ட்ரா டிஎம்ஏ மோடு 5 என்று வந்தது. 199-இன் எண் ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டது. அது குறையவே குறையாது, ஏறாமல் நின்றால் அதுவே குணம். டிவிடி டிரைவை செகண்டரி சேனலுக்குத் தள்ளினேன். பதிவின்போது பிராசசர் பாதியைத் தொடவில்லை. கார் துள்ளாமல் போனது.

80 ஜிபியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பதிய முடியாது. ஆகவே 1 டிபி சாட்டா டிஸ்க் ஒன்று. போர்டில் சாட்டா துளை இரண்டு உண்டு, வேகம் 1.5 ஜிகாபிட், அதாவது நொடிக்கு 150 எம்பி. நமக்கு வேண்டியது 9. சில புது டிஸ்க்குகள் இந்தப் பழைய வேகத்துக்கு இறங்கி வராமல் முரண்டு பிடிக்கும். அப்போது டிஸ்க்கின் பின்னால் வேகத்தைக் குறைக்கும் ஜம்பர் உண்டா என்று பார்க்க வேண்டும். என்னுடையது மாட்டியதும் தெரிந்துவிட்டது. எஸ்எஸ்டி போடலாமே என்று கேட்பார்கள். அழித்த இடம் எது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் கட்டளையை எக்ஸ்பி அனுப்பாது, எழுதி அழித்து எழுதி அழித்து ஓட்டும் இந்த வேலைக்குச் சுழலும் டிஸ்க்கே மேல்.

டிஸ்க்கை மாட்டியதும் டிவிடி டிரைவ் காணாமல் போகலாம். அது டிரைவ் கோளாறு இல்லை. அந்தக் காலத்துப் பயாஸில் சாட்டாவுக்கு லெகசி, என்ஹான்ஸ்டு என்று இரண்டு முறை. லெகசியில் மொத்தம் நான்கு சாதனங்கள்தான். சாட்டா உள்ளே வந்தால் ஒரு ஐடிஇ சேனல் வெளியே போகும். என்ஹான்ஸ்டில் எல்லாம் சேர்ந்து இருக்கும், எக்ஸ்பியும் அதை ஏற்கும். தீர்ந்த பேட்டரியை விட்டுவைத்தால் ஒவ்வொரு பவர் கட்டுக்கும் இது பழைய முறைக்குத் திரும்பி, டிரைவ் வருவதும் போவதுமாக ஆட்டம் காட்டும். மேலே சொன்ன வேஷம் இதுதான்.

பவருக்கு, எஸ்எம்பிஎஸ்ஸின் பழைய நான்கு பின் முனையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கன்வர்ட்டர் வேண்டும். வயர்களை வைத்து மேலே பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றிய வகை வேண்டாம். உள்ளே வயர்கள் நகர்ந்து ஒன்றோடொன்று தொட்டு எரிந்த முனைகளைப் பார்த்திருக்கிறேன். பின்பக்க மூடியைத் திறந்தால் வயர் ஒவ்வொன்றும் தனித்தனிப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் வகையே வாங்க வேண்டும். சில பத்து ரூபாய் வித்தியாசம்தான்.

பார்ட்டிஷனை எக்ஸ்பியில் போடவில்லை. இன்றைய பெரிய டிஸ்க்குகள் உள்ளே 4 கேபி அளவில் எழுதுகின்றன. எக்ஸ்பி முதல் பார்ட்டிஷனை 63-ஆம் செக்டரில் தொடங்கும், அது 4 கேபி எல்லையில் உட்காராது. ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு துண்டைத் தொட வேண்டி வந்து வேகம் சரியும். லினக்ஸ் லைவ் சிடியில் கிளப்பி, பார்ட்டிஷன் போடும் ஜிபார்ட்டெட்டில் 2048-ஆம் செக்டரில் தொடங்கி, என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மேட் செய்தேன். ஃபேட்32 உதவாது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது, நம் கணக்கில் அது ஏழு நிமிடச் சொச்சம். பதிவு எப்போதும் ஏழு ஏழரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது என்று யாராவது சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சவுண்டுக்கு வருவோம். விசிஆரின் வெள்ளை ஆர்சிஏவிலிருந்து போர்டின் நீலத் துளைக்கு, அதாவது லைன்-இன்னுக்கு. இளஞ்சிவப்பு மைக் துளையில் போட்டால் அது சின்ன சிக்னலைப் பெரிதாக்கும் இடம் என்பதால் நாதஸ்வரம் தகரத்தில் வாசித்தது போலாகிவிடும். ஏசி97 சிப் உள்ளே ஓடுவது 48 கிலோஹெர்ட்ஸில். 44.1 கேட்டால் மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும், ஆகவே 48-லேயே பதிந்தேன்.

பதிவில் இரண்டு பக்கமும் ஒலி இருந்தது. ஸ்பீக்கரிலோ இடப்பக்கம் ஊமை. ஸ்பீக்கரை மாற்றினாலும் அப்படியே. இந்தப் போர்டுகளில் முன்பக்க ஹெட்போன் துளைக்கென்று ஒரு பத்துப் பின் இணைப்பு உண்டு. பின்பக்கப் பச்சைத் துளைக்குப் போகும் ஒலி அந்த இணைப்புக்கு வந்துவிட்டுத்தான் திரும்பிப் போகும். முன்பக்க வயர் மாட்டவில்லை என்றால் 5-6, 9-10 பின்களை இரண்டு ஜம்பர் இணைக்க வேண்டும். 5-6 வலது, 9-10 இடது. என்னுடையதில் 9-10 ஜம்பர் களிம்பேறித் தளர்ந்திருந்தது. வேறு ஜம்பர் போட்டதும் இடப்பக்கம் பேசியது. சவுண்டு செத்துவிட்டது என்று தனி சவுண்டு கார்டு வாங்கிய பலருக்கும் தேவைப்பட்டது இந்த ஜம்பர்தான் என்பது என் எண்ணம்.

அடியில் ஒரு 'உம்' இரைச்சல் மிச்சம் இருந்தது, விசிஆர் கேசட் ஓட்டாதபோதும். டியூனர் கார்டின் ஆன்டெனா துளையில் கேபிள் டிவி வயர் செருகியிருந்தது. அதன் வெளிக்கூடு தெருவில் எங்கோ எர்த் ஆகியிருக்கும், கணினி நம் வீட்டு மூன்று பின் பிளக்கில் எர்த் ஆகியிருக்கிறது. இரண்டு எர்த்துக்கும் நடுவில் ஓடும் சின்ன மின்னோட்டம் சவுண்டில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலாக விழுகிறது. கேபிள் வயரை உருவியதும் அமைதி. மூன்றாவது பின்னை வெட்டி இரைச்சலைப் போக்கும் வைத்தியம் ஒன்று உண்டு. அதை யாரும் செய்ய வேண்டாம். ஷாக் அடிக்கும்.

ஏஜிபி கார்டு வேறு விதமாக மிரட்டியது. அரை மணி நேரம் ஓடியதும் திரையில் பச்சைப் புள்ளிகள். பதிந்த கோப்பை வேறு லேப்டாப்பில் போட்டால் ஒன்றும் இல்லை. அப்படியானால் கெடுவது நாம் பார்க்கும் படம், பதியும் படம் அல்ல. கார்டின் விசிறி நின்றுபோயிருந்தது. நடு ஸ்டிக்கரை உரித்து, ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, பழைய பேஸ்டைச் சுரண்டிப் புதிதாகத் தடவி மாட்டினேன். தேங்காய் எண்ணெய் விடக் கூடாது, மார்கழியில் உறையும்.

கடைசியாகத் தீர்ந்தது, தீர்க்க அதிக நேரம் எடுத்தது, ஒலியும் படமும் விலகுவது. ஒரு மணி நேரப் பதிவை சித்தப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். முகூர்த்தம் நெருங்கும்போது அவர்தான் சொன்னார்: "டேய், தவில்காரர் குச்சி ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் போகுதேடா." உண்மைதான். தொடக்கத்தில் குச்சி தோலில் படும் சட்டகத்திலேயே சத்தம் இருக்கிறது. கெட்டிமேளத்தில் சத்தம் எட்டு சட்டகம் தள்ளி வருகிறது.

சட்டகம் ஒன்றுகூடத் தவறவில்லை, டிஸ்க் மேல் இப்போது பழி இல்லை. படத்தின் வேகத்தை விசிஆரிலிருந்து வரும் சிக்னல் தீர்மானிக்கிறது. ஒலியின் வேகத்தை மதர்போர்டில் உள்ள ஒரு கிரிஸ்டல் தீர்மானிக்கிறது. இரண்டு கடிகாரம், ஒன்றை ஒன்று தெரியாது. பத்து லட்சத்தில் 100 பங்கு வித்தியாசம் இருந்தாலே மணிக்கு 0.36 நொடி, அதாவது 9 சட்டகம். என் எட்டு அதற்குள் அடங்குகிறது. விர்ச்சுவல்டப்பின் டைமிங் அமைப்பில், படத்துக்கு ஏற்ப ஒலியை நீட்டிக் குறுக்கும் தெரிவு உண்டு. அதைப் போட்டு மறுபடி பதிந்தேன். சரிபார்க்கக் கல்யாண வீடியோவைவிட நல்ல கருவி கிடையாது. கேசட்டின் தொடக்கத்தில் ஊர்வலத் தவில், முடிவில் கெட்டிமேளம், வரவேற்பு கேசட்டில் மெல்லிசைக் குழுவின் டிரம்ஸ். குச்சி படும் சட்டகத்தை நிறுத்தி, ஒலி அலையின் முதல் மேட்டோடு ஒப்பிட்டால் போதும். இப்போது இரண்டு முனையிலும் வித்தியாசம் ஒரு சட்டகத்துக்குள்.

பதிந்த கோப்பில் வரி வரியாகப் பல் தெரியும். பால் படம் நொடிக்கு 50 அரைப் படங்களாக வருவதால் அப்படி. பதியும்போது அதை நீக்கக் கூடாது. ஹஃப்ஒய்யுவி கோப்பை யுஎஸ்பி டிஸ்க்கில் லேப்டாப்புக்குக் கொண்டுபோய், எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் பல்லை நீக்கும் யாடிஃப் வடிகட்டியை 50 சட்டக முறையில் ஓட்டி, பிறகு எச்.264-ஆகச் சுருக்கினேன். ஊர்வலம் வழுவழுவென்று போகிறது. மூலக் கோப்புகளை அழிக்கவில்லை. 1 டிபி டிஸ்க்கில் ஒன்று, சித்தப்பா வீட்டில் இன்னொரு டிஸ்க்கில் ஒன்று.

சித்தியின் வளைகாப்பு கேசட் ஒன்று பாக்கி. அதன் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. அதை இந்த விசிஆரில் போட்டால் பூஞ்சை டிரம்மில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். பூஞ்சைக் கேசட்டுக்கென்றே தனியாக ஒரு பழைய விசிஆர் தேடிக்கொண்டிருக்கிறேன்.